பெயர் எழுதாத முத்திரை

போன வருஷம் நல்லூர்த் திருவிழாவுக்கென்று லண்டனில் இருந்து வந்த என் பேத்திக்குப் பதினைந்து வயது. புத்தூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் என் சாய்மனைக் கதிரையைப் பிடித்துக்கொண்டு, காலை மேலே தூக்கி வைத்தபடி ரெலிபோன் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஆங்கிலக் கால்வாயில் ஒரு ரப்பர் படகு. நடுப்பகுதி தாழ்ந்து, விளிம்பெல்லாம் ஆட்கள். ஒரு சின்னப் பிள்ளையின் செம்மஞ்சள் மிதவைச் சட்டை மட்டும் தனியாகத் தெரிந்தது.

"இவையளை அப்பிடியே திருப்பி அனுப்பவேணும், அம்மப்பா. வரிசையிலை நிக்காமல் களவா வருகினம். அப்பாவும் உதைத்தான் சொல்லுறவர்."

நான் மறுமொழி சொல்லவில்லை. நாற்பது வருஷம் ஊர் ஊராகத் தபால் கந்தோர்களில் இருந்தவனுக்கு, மற்றவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு தன் வாயை மூடி வைத்திருப்பது பெரிய வித்தையில்லை. எழும்பிப் போய் அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கற் ரின்னை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

உள்ளே இருப்பவை முத்திரைகள். சேகரிப்பு என்று சொல்ல முடியாது. அல்பம் இல்லை, ஒழுங்கும் இல்லை. எல்லாம் கூலி. எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சிமார் வெளிநாட்டுக் கடிதத்தைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பின்னேரங்களில் வீட்டுக்கு வருவார்கள். வாசித்துக் காட்டுவேன். கேட்டால் மறுமொழியும் எழுதிக் கொடுப்பேன். காசு வாங்கினதில்லை. "உந்த முத்திரையை மட்டும் தாங்கோ ஆச்சி" என்பேன். ஏரோகிராம் என்றால் முத்திரை தாளிலேயே அச்சடித்திருக்கும். அதைச் சதுரமாகக் கத்தரித்து எடுக்கும்போது பின்பக்கத்தில் கடிதத்தின் ஒன்றிரண்டு வரியும் சேர்ந்து வந்துவிடும். ஆச்சிமாருக்கு அதில் கவலையில்லை. அதுதான் வாசித்துக் கேட்டாயிற்றே.

பேத்தி முதலில் தூக்கிப் பார்த்தது மகாராணியின் தலை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதிலை யூகே எண்டு போடயில்லையே?"

நல்ல கண். பிரித்தானிய முத்திரையில் நாட்டின் பெயர் இருக்காது. உலகத்தின் முதலாவது தபால் முத்திரை 1840 மே 6 ஆம் திகதி அங்கேதான் பாவனைக்கு வந்தது. கறுப்பு நிறம், பெறுமதி ஒரு பென்னி, விக்டோரியா மகாராணியின் தலை. வேறெங்கும் முத்திரையே இல்லாத காலத்தில் நாட்டின் பெயரை ஏன் எழுத வேண்டும்? பிறகு உலகமெல்லாம் முத்திரை வந்தது. மற்ற எல்லோரும் பெயர் எழுதினோம். அவர்கள் மட்டும் இன்றுவரை அரசரின் தலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வந்திறங்கிய அன்றே அவள் எனக்கொரு முறைப்பாடு சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் "நீ எந்த ஊர்?" என்று கேட்கிறார்களாம். "ஈஸ்ற் ஹாம்" என்றால், "அதில்லை, உண்மையிலே எந்த ஊர்?" என்று திரும்பவும் கேட்கிறார்களாம். அவள் பிறந்ததே அங்கேதான்.

"உந்தத் தலையிட்டை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை, பார்" என்றேன். அந்த அரச வம்சமே 1714 இல் ஜெர்மனியின் ஹனோவரில் இருந்து வந்து இறங்கியது என்பதையும், அன்றைக்கு வந்த முதலாம் ஜோர்ஜுக்கு ஆங்கிலம் தடுமாறும் என்பதையும் சொன்னேன். சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அவளுக்குப் பள்ளிக்கூட வேலை ஒன்று இருந்தது. 2020 இலிருந்து அங்கே தெற்காசிய மரபுரிமை மாதம் என்று ஒன்று கொண்டாடுகிறார்களே, அதையொட்டி நாலு பக்கம் எழுத வேண்டும். அவள் எழுதத் தொடங்கியிருந்த முதல் வரியிலேயே 1948 இருந்தது. போர் முடிந்தது, ஆள் தட்டுப்பாடு, கூப்பிட்டார்கள், வந்தோம். இவ்வளவுதான் கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், விருந்துக்குக் கூப்பிட்டு வந்தவர்கள்போலத்தான் அதுகள் தங்களை நினைக்கும். விருந்தாளியை எப்போதும் எழும்பிப் போகச் சொல்லலாம் அல்லவா?

கிழக்கிந்தியக் கம்பனி பட்டயம் வாங்கியது 1600 இல். அதன் கப்பல்களில் வேலைக்கு ஏறிய லஸ்கர் மாலுமிகள் தேம்ஸ் துறையில் இறங்கி, திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காமல் குளிரில் கிடந்து செத்தார்கள். லைம்ஹவுஸில் அவர்களுக்கு ஒரு தங்குமடம் திறந்தது 1857 இல். துரைசாணிமாரின் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிய ஆயாமாரில் பலர், லண்டனில் இறங்கியதும் வேலை முடிந்தது என்று கைவிடப்பட்டார்கள். பாட்னாவில் பிறந்த டீன் மஹோமட் 1810 இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை போட்டார். மீன் பொரியலும் உருளைக்கிழங்குப் பொரியலும் விற்கிற கடை அந்த நாட்டில் தோன்ற முதலே இது. கடை இரண்டு வருஷத்தில் கடனில் முறிந்தது வேறு கதை. தாதாபாய் நௌரோஜியை வைத்து, ஒரு கறுப்பனைப் பிரித்தானியத் தொகுதி எதுவும் தெரிவு செய்யாது என்ற பொருளில் பிரதமர் சாலிஸ்பரி பேசினது 1888 இல். நாலு வருஷம் கழித்து 1892 இல் லண்டன் பின்ஸ்பரியில் நௌரோஜி வென்றார். ஐந்தே ஐந்து வாக்குகள்!

நம்மவர்? முத்து குமாரசுவாமியின் பெயரைச் சொன்னேன். அவள் கேள்விப்பட்டதில்லை. இங்கே உள்ள பிள்ளைகளும் கேள்விப்பட்டதில்லை என்பதுதான் எனக்குக் கூடின கவலை. வடமராட்சியில் வேர் உள்ள குடும்பம். பிறந்தது 1834 இல். கிறிஸ்தவரும் இல்லை, யூதரும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் இங்கிலாந்தில் சட்டத்தரணியாக எடுக்கப்பட்டது அவரோடுதான் முதல்முறை, 1863 இல், லிங்கன்ஸ் இன்னில். அதே வருஷம் அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கி லண்டனில் வெளியிட்டார். பொய் சொல்லாததால் சுடலை காக்கப் போன ராசாவின் கதையைக் கொண்டுபோய் அந்த ஊரில் வைத்தார் மனுஷன். 1874 இல் சேர் பட்டம். எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணைக் கலியாணம் செய்தார். அவர்களுடைய மகன்தான் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்து, தகப்பனை இரண்டு வயதாக முதலே இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, நடராசர் சிலையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று மேற்கு நாட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தவர். "உண்மையிலே எந்த ஊர்?" என்ற கேள்விக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று பேத்தியிடம் கேட்டேன். யோசித்தாள். நல்லது, யோசிக்கட்டும்.

ரின்னின் அடியில் பாயும் புலி போட்ட சிவப்பு முத்திரை கொஞ்சம் கிடந்தது. மலாய்க் கூட்டு நாடுகளின் முத்திரை. இது ஆச்சிமாரிடம் வாங்கினதில்லை. என் அப்பப்பா விட்டுப் போனது. அவர் லண்டனைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் வாழ்நாள் முழுவதும் பிரித்தானியாவுக்குள்தான் இருந்தார். வெள்ளைக்காரன் இங்கே வந்தது 1795 இல், போனது 1948 இல். மிஷன் பள்ளிக்கூடங்கள் 1816 இலிருந்தே ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டன. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, மலை இல்லை, தேயிலை இல்லை. செம்பாட்டு மண், கிணறு, புகையிலை, இங்கிலீசு, இவ்வளவுதான் முதல். மலாயாவில் ரெயில் பாதை போடத் தொடங்கினதும் கணக்கெழுதவும் ஸ்ரேஷன் பார்க்கவும் எங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்பப்பா ரெயில்வேயில் கிளாக்கர். காசுக்கட்டளை மாதம் பிசகாமல் வந்தது, கிடுகு வீடு ஓட்டு வீடானது, பிறகு அவரும் பென்ஷனோடு வந்து இதே விறாந்தையில் சுருட்டுப் பத்தினார்.

அவர் சொல்லாத பாதி ஒன்று உண்டு. அங்கே ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்நாட்டுக் கூலிச் சனம் பால் வெட்டியது. துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்ற கிராணிமாரில் எங்களவர்கள் ஏராளம். ஒரே மொழி, ஒரே சாமி. ஆனால் "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை அப்பப்பா எப்படி உச்சரிப்பார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதே தொனியில்தான் பேத்தி "களவா வருகினம்" என்று சொன்னாள். அதனால்தான் ரின்னை எடுக்கப் போனேன்.

1958 இல் எனக்குப் பதினாலு வயது. தமிழருக்கு எதிரான கலவரத்தில் அடிபட்ட சனம் கொழும்பில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியது. அந்த வருஷம்தான் அ. சிவானந்தன் கொழும்பை விட்டு லண்டனுக்குப் போனார். இவரைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தொழில் பெருமையும் கொஞ்சம் வரும். தகப்பன் சண்டிலிப்பாய், தபால் சேவையில் இருந்தவர். மகன் வங்கி மனேச்சர். இங்கே இருந்த கலவரத்துக்குத் தப்பிப் போனவர் அங்கே இறங்க, நொட்டிங் ஹில்லில் வெள்ளையர் கறுப்பரை அடிக்கிற கலவரம்! வங்கி உத்தியோகம் கிடைக்கவில்லை. ஒரு நூலகத்தில் தேத்தண்ணி கொடுக்கிற வேலையில் தொடங்கி நூலகராகப் படித்து, 1964 இல் இன உறவுகள் நிறுவகத்துக்குப் போனார். எட்டு வருஷத்தில் அந்த நிறுவகத்தின் போக்கையே மாற்றிப்போட்டார். நீங்கள் அங்கே வந்தீர்கள், அதனால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம் என்ற அவருடைய பேச்சு இன்றைக்கு அந்த நாட்டில் எல்லார் வாயிலும் இருக்கிறது. 2018 ஜனவரியில் செத்தார். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வேறொன்று: யமேக்காக்காரன், பஞ்சாபி, வங்காளி, யாழ்ப்பாணத்தான் எல்லாரும் அங்கே ஒரே பக்கம் என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. யமேக்காக்காரனோடு தங்களைச் சேர்த்துப் பேசுவது குறைச்சல் என்று நினைத்தார்கள்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட கதையும் அந்தக் காலத்தில்தான். 1962 இல் ஒரு சட்டம். 1968 இல், கென்யாவில் இருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வந்த இந்தியரைத் தடுக்க மூன்றே நாளில் ஒரு சட்டம். 1971 இல் இன்னொன்று. 1972 இல் இடி அமீன் 90 நாள் தவணை கொடுத்து உகண்டாவின் ஆசியரைத் துரத்த, 28,000 பேர் வரை பிரித்தானியாவுக்கு வந்தார்கள். லெஸ்ரர் நகரசபை எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டது. அப்படி வந்த சனத்துக்கு என்ன வேலை கிடைத்தது தெரியுமா? வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்றொரு படம் கழுவும் தொழிற்சாலை. சனம் தபாலில் பிலிம் சுருளை அனுப்ப, கழுவித் தபாலிலேயே படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். 1976 ஓகஸ்டில் ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண் அங்கிருந்து வேலையை விட்டு வெளியே வந்தார். சின்ன உருவம், சேலைக்கு மேலே கோட்டு. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் வாசலில் நின்றார்.

இதில் எங்கள் தொழில்காரர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். கிரிக்கில்வூட் தபால் ஊழியர்கள், வெள்ளையர்கள்தான் பெரும்பாலும், அந்தத் தொழிற்சாலையின் தபால் மூட்டையைத் தொடமாட்டோம் என்று நின்றார்கள். தபாலில் நடக்கிற கொம்பனிக்கு அதைவிடப் பெரிய அடி ஏது? கடிதத்தைத் தடுத்து வைப்பது எங்களுக்குப் பாவம் மாதிரி. முதல் நாளிலேயே அதைத்தான் சொல்லித் தருவார்கள். ஆனால் அந்த மூட்டையை நானும் தொட்டிருக்க மாட்டேன். வழக்கு, மிரட்டல், வேலை நிறுத்தி வைப்பு என்று அவர்களுக்கும் வந்தது. கடைசியில் பெண்கள் தோற்றார்கள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. தோற்ற கதைதான். சேலை கட்டினவள் சொன்னதைச் செய்துகொண்டு பேசாமல் இருப்பாள் என்று அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி எங்கள் ஊர்க் கடிதங்கள். எழுபதுகளில் போனவர்கள் பெரும்பாலும் படிக்கப் போனவர்கள். தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழகக் கதவு இங்கே சாத்தப்பட, காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பினார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு போனது உயிரைக் காப்பாற்ற. எழுத்து நடை இரண்டிலும் ஒன்றுதான்: நான் இங்கு நல்ல சுகம், உங்கள் சுகத்துக்கு நல்லூரானை வேண்டுகிறேன். பிறகு, பெற்றோல் செட்டில் இரவு வேலை, கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பு, குளிர் படாது.

எங்கள் நிலாவரைக் கிணறு உங்களுக்குத் தெரியும். வாளி எட்டுகிற ஆழத்தில் நல்ல தண்ணீர். கீழே போகப் போக உப்பு. லண்டன் கடிதமும் அந்த மாதிரித்தான். மூன்றாவது பந்தியில் மெல்ல உப்பு தட்டும். ஒரு அறையில் ஆறு பேர், ஒருவன் எழும்ப மற்றவன் அந்தக் கட்டிலில் படுக்கிறான், சீட்டுக் காசு, ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட வேண்டிய மிச்சம், குடித்துவிட்டு வந்தவன் கூண்டுக் கண்ணாடியில் துப்பினது. ஆச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வரிகள் சிலவற்றை நான் விழுங்கியிருக்கிறேன். சரியோ பிழையோ தெரியாது. செய்தேன்.

பேத்தி ஒரு ஏரோகிராம் துண்டைத் திருப்பி வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் புண்ணியம். "மிச்... மிச்சக் காசைக்... கையிலை தராமல்... இது என்னம்மப்பா?"

இதைச் சொல்லவேண்டி வரும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

1974 ஆம் ஆண்டுக் கடிதம். கொண்டுவந்தவ எங்கள் கோயில் வீதிக்குள் அந்த நாளில் வர விடாத சாதி. என்னைவிட இருபது வயது மூப்பு, ஆனாலும் என்னைத் "தம்பி" என்று கூப்பிட யோசிப்பா. விறாந்தைக் குந்தில்கூட இருக்க மாட்டா. முற்றத்தில், வெயிலுக்குள் நின்றபடி கேட்பா. நானும் இருங்கோ என்று சொல்லவில்லை. கவுண்டரில் முத்திரை வாங்க அவ வந்தால் மிச்சக் காசை மேசையில் வைத்து விரலால் தள்ளுவேன். மற்றவர்களுக்குக் கையில் கொடுப்பேன். யாரும் எனக்கு அப்படிச் செய்யச் சொல்லித் தரவில்லை. கை தானாகச் செய்தது.

மகன் படிக்கப் போனவன். எழுதியிருந்தான்: இங்கே மூலைக்கடையில் பாண் வாங்கப் போனால் கடைக்காரி என் கையிலிருந்து காசை வாங்குகிறாள், மிச்சக் காசைக் கையிலை தராமல் மேசையிலை வைக்கிறாள், அம்மா. அதை என்னால் விழுங்க முடியவில்லை. வாசித்துவிட்டேன்.

அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கையுமோ?" என்றா.

அவ்வளவுதான். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நான் முத்திரையைக் கேட்கவில்லை. அவவே நீட்டினா, கத்தரித்து எடுத்தேன். சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் இங்கே 1957 இலேயே வந்துவிட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடு என்று சனம் நின்றபோது அடித்து விரட்டினதும் நடந்தாயிற்று. சட்டம் படித்தவன்தான் நான், பத்திரிகை வாசித்தவன்தான். ஆனாலும் அவவைக் கதிரையில் இருங்கோ என்று சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வருஷம் எடுத்தது. சொன்ன அன்று அவ இருக்கவும் இல்லை. "பரவாயில்லைத் தம்பி, வாசியுங்கோ" என்றுவிட்டா. காலம் கடந்து கொடுக்கிற மரியாதையை மறுக்கிற உரிமை அவவுக்கு இருந்தது.

பேத்தி அந்தத் துண்டை ரின்னுக்குள் போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கப்பலிலை பூட்டி வைச்ச கதை தெரியுமோ?" என்று கேட்டேன். தெரியாது. 1985 இல் பிரித்தானியா இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. கொமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல்தரம். அதாவது, ஷெல் விழுகிற ஊரில் இருந்து ஓடுகிறவன் முதலில் கொழும்புக்குப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். அவள் சொன்ன வரிசை அதுதான். 1987 பெப்ரவரியில் அறுபது பேருக்குக் கிட்ட எங்கள் பொடியள் ஹீத்ரோவில் இறங்கினார்கள். திருப்பி ஏற்றப் பார்த்தபோது சிலர் விமானத் தளத்திலேயே உடுப்பைக் கழற்றிவிட்டு உள்ளாடையோடு நின்றார்கள். பெப்ரவரிக் குளிர். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. நாங்கள் கேள்விப்பட்டபோது வெட்கப்பட்டோம். இப்போது யோசித்தால், அவர்களிடம் காட்ட வேறு என்ன பத்திரம் இருந்தது? அதே வருஷம் சட்டம் வந்தது: பத்திரம் இல்லாத ஆளை ஏற்றி வந்தால் விமானக் கொம்பனிக்குத் தலைக்கு 1,000 பவுண் தண்டம்.

பிறகு ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலை ஹாரிச் துறைமுகத்தில் கட்டி, அகதிகளை அதற்குள் அடைத்தார்கள். அதிகம் பேர் தமிழர். 1987 ஒக்டோபர் 16 அதிகாலை இங்கிலாந்தில் பெரும் புயல் அடித்தது. கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்த் தரை தட்டியது, ஆட்கள் உள்ளே இருக்க. ஒருவருக்கும் ஆபத்தில்லை. அதற்குப் பிறகுதான் வெளியே விட்டார்கள். சட்டம் செய்யாததைக் காற்று செய்தது.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2021 ஒக்டோபரில் இந்தியாவில் இருந்து கனடாவுக்கென்று வெளிக்கிட்ட தமிழரின் படகு ஒன்று நடுக்கடலில் பழுதாகி, பிரித்தானியாவின் கையில் இருக்கிற டியேகோ கார்சியா தீவில் கொண்டுபோய் விடப்பட்டது. மூன்று வருஷத்துக்கு மேல் கூடாரங்களில் இருந்தார்கள், பிள்ளைகளும். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். அதே 2024 ஜூலையில், இவள் வீட்டுக்குப் பக்கத்துத் தொகுதியான ஸ்ராட்ஃபோர்ட் அன்ட் போவில் உமா குமரன் வென்று நாடாளுமன்றம் போயிருந்தார். இலங்கைப் போருக்குத் தப்பிப் போன பெற்றோரின் மகள். அதே நாடாளுமன்றத்தில் அதற்கு முதலே இன்னொரு மகள் இருந்தார், பிரித்தி பட்டேல். பெற்றோர் உகண்டாவில் இருந்து போனவர்கள். அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்புகிற உடன்படிக்கை 2022 இல் உள்துறை அமைச்சராக அவர் செய்தது. ஒரே மாதிரிக் குடும்பக் கதை, இரண்டு விதமாக முடியலாம்.

"உன்ரை அம்மாவும் படகிலை வந்தவள்தான்" என்றேன்.

ரெலிபோனைக் கீழே வைத்தாள்.

1990 க்குப் பிறகு ஆனையிறவுப் பாதை பூட்டு. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொடுத்து, ஒரு பொடியன் பெடலைக் கையால் சுற்றுவான். இரவு ஒன்பதேகாலுக்கு லண்டனில் இருந்து பிபிசி தமிழோசை. அந்தப் பெயரை வைத்தவரும் யாழ்ப்பாணத்தவர்தான், சோ. சிவபாதசுந்தரம். கை சோர்ந்தால் குரல் அமுங்கும், "சுத்தடா!" என்று முற்றமே கத்தும். எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்பதை லண்டன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்படியொரு இரவில் கேட்டதுதான் 1993 ஜனவரியில் கிளாலிக் கடலேரியில் படகில் போன பொதுமக்களைக் கடற்படை சுட்ட செய்தி. அதே கடலேரியால்தான் அந்த வருஷ நடுவில் மகளைக் கொழும்புக்கு அனுப்பினேன். பதினேழு வயது. நானே கிளாலிக் கரை வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். படகுகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி முன்படகின் மோட்டர் இழுத்துக்கொண்டு போகும். வெளிச்சம் போடக்கூடாது, இருமக்கூடாது. மிதவைச் சட்டை என்ற ஒன்றை அந்த நாளில் நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அவளிடம் ஒரு பொலித்தீன் பைக்குள் படிப்புச் சான்றிதழ்கள் மட்டும். போய்ச் சேர்ந்தாள் என்று எழுதிய கடிதம் எனக்கு ஐந்து கிழமை கழித்து வந்தது. அந்த ஐந்து கிழமையும் எங்கள் ஊர்த் தபால் கட்டை அவிழ்க்கும்போது கை நடுங்கும்.

"அம்மா எனக்கு உதைச் சொல்லவேயில்லை."

"நீ கேட்டனியோ?"

பதில் இல்லை. பிறகு அவளே, "அப்பா? அப்பா பிளேனிலைதானே போனவர்?"

"ஓம், பிளேன்தான்."

"பிறகென்ன?"

ஆரின் கடவுச்சீட்டில், எத்தனை நாடு மாறி, எந்த லொறிக்குள் எத்தனை நாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மருமகன் கலியாணத்துக்கு முதல் எனக்கு எழுதின ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அந்த நேர்மைக்காகத்தான் சம்மதித்தேன். அந்தக் கடிதம் ரின்னுக்குள் இல்லை.

"அதை அவரிட்டைத்தான் கேக்கவேணும். நான் மற்றவையின்ரை கடிதம் நிறைய வாசிச்சிட்டன்."

"கோவிப்பாரோ?"

"சிலவேளை. படகைப் பற்றிக் கதைக்காதை. அவர் போய் இறங்கின நாள் என்ன சாப்பிட்டவர் எண்டு கேள். அதிலை இருந்து தொடங்குவார்."

வெயில் சாய்ந்து வேலிக் கதியாலின் நிழல் முற்றத்தில் நீண்டிருந்தது. இங்கே பின்னேரம் ஐந்தரை என்றால் அங்கே மத்தியானம் ஒரு மணி. இரவு வேலையால் வந்து படுத்திருப்பார். கொஞ்சம் பொறு, எழும்பட்டும் என்றேன். அவள் எல்லா முத்திரையையும் ரின்னுக்குள் போட்டு மூடினாள். அந்த ஒரு துண்டை மட்டும் ரெலிபோன் உறைக்குள் செருகிக்கொண்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.